மூன்றாவது வரி

என்னைப் போன்ற மடையனை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகவே கண்டுபிடித்துத் திட்டுவதைவிட இது இரண்டு பேருக்கும் சௌகரியம். ஆதாரம் என் செல்போனில் இருக்கிறது. ஒரு படம். ஜேசிபியின் கையிலிருந்து சங்கிலியில் ஆளுயரக் கல் ஒன்று தொங்குகிறது. அதற்கு முன்னால் நான் நிற்கிறேன். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்ததால் மிச்சமிருந்த முப்பத்தொரு பல்லும் தெரியச் சிரிக்கிறேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறேன். தலைக்கு அன்று காலைதான் சாயம் பூசியிருந்தேன், முடி ஒவ்வொன்றும் மினுங்குகிறது. படத்தை எடுத்ததும் நானேதான். வெயில் முகத்தில் விழும் பக்கமாக இடம் பார்த்து, கையை நீட்டி, கழுத்தைச் சாய்த்து எடுத்தேன். புலியைச் சுட்டவன் அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டதுபோல இருக்கும். இத்தனைக்கும் அந்தக் கல்லை ஒரு விரலால்கூட நான் நகர்த்தவில்லை. மனு எழுதியது மட்டும்தான் என் வீரம். இந்தப் படத்தை அழித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை விரலைக் கொண்டுபோயிருக்கிறேன். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியும் டிப்ளமோ சான்றிதழுமாக ஓசூருக்கு வந்தவன் நான். வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை. அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வருகிற பாகத்தைக் கையில் எடுக்க வேண்டும், முன்பக்கம் பார்க்க வேண்டும், திருப்ப வேண்டும், பின்பக்கம் பார்க்க வேண்டும், கீறலோ பொத்தலோ இல்லை என்றால் பச்சைப் புள்ளி வைத்துத் தள்ள வேண்டும். பார், திருப்பு, பார், புள்ளி. இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் என் சோறு. தூக்கத்தில்கூடக் கை திருப்பும் என்று என் மனைவி சொல்வாள். ஒருமுறை, புதிதாகச் சேர்ந்த ஒருவர் திருப்பாமலே புள்ளி வைப்பதைப் பார்த்துவிட்டு நானே மேலே சொல்லி அவரை வேறு பிரிவுக்கு மாற்றவைத்தேன். “ஒண்ணு ரெண்டுதானே சார்” என்றார் அவர். பிரேக் முறிந்தால் எவன் குடும்பம் தெருவுக்கு வரும் என்று அவருக்கு அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அந்தப் பிரசங்கத்தை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அது நல்ல சிரிப்பு அல்ல.

சம்பளம் இல்லாத வேலை இன்னொன்றும் எனக்கு அங்கே இருந்தது. ஆட்களைச் சிரிக்கவைப்பது. கேன்டீனில் நான் உட்காரும் மேசைதான் முதலில் நிரம்பும். யாரும் நியமிக்காமலே எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பதவி அது. அந்தப் பதவிக்கு வந்த முதல் நாளே என்னை மண்ணைக் கவ்வவைத்தவர் கேன்டீன் அக்கா.

வேலைக்குச் சேர்ந்த வாரம். புதன்கிழமை. தட்டில் சோற்றுக்குப் பதில் பழுப்பாக ஒரு உருண்டை விழுந்தது. ராகிக் களி. எங்கள் ஊரில் இதை நான் கண்டதில்லை. வாயில் போட்டு மென்றேன். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. மேலும் மென்றேன். மேலும் ஒட்டியது. சிமெண்டைத் தின்ற கழுதைபோல நான் தாடையை ஆட்டிக்கொண்டிருப்பதைச் சாம்பார் வாளியோடு நின்ற ஒரு பெண்மணி பார்த்துவிட்டார். “ஏம்ப்பா விருதுநகரு, களிய மெல்லுறியா? இங்க வந்து பாருங்கடி, களிய மெல்லுறான்!” உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். “கிள்ளு, கொழம்புல பொரட்டு, முழுங்கு. பல்லுக்கு அங்க வேலையில்ல.” அன்றைக்குச் சிரிக்கவைத்தது அவர், சிரிப்பாகிப்போனது நான். அதற்குப் பிறகு என் பெயர் அந்தக் கேன்டீனில் விருதுநகர்தான். நான் அவரை ‘ஏக்கா’ என்று கூப்பிட, அவர் அதையே இழுத்துத் திருப்பிச் சொல்லிக் கேலி செய்ய, இரண்டு பேருக்கும் பொழுது போயிற்று.

அக்கா கெலமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், காய்கறி வண்டிக்காரர்களிடம் கன்னடம். கோபம் வந்தால் மூன்றிலும் நல்லதாகப் பொறுக்கி எடுத்து ஒரே வாக்கியத்தில் கோத்துவிடுவார். எந்த மொழியிலும் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆளைப் படிப்பார். என் அம்மா இறந்து காரியமெல்லாம் முடித்துவிட்டு நான் வேலைக்குத் திரும்பிய அன்று, வழக்கம்போல மேசையைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அக்கா மோர் ஊற்ற வந்தவர் கொஞ்ச நேரம் நின்றார். “இன்னிக்கு ஒருநாளு நீ பேச வேணாம் தம்பி. சாப்புடு” என்றார். அந்த வாரம் முழுக்க எனக்கு அப்பளம் ஒன்று கூடுதலாக விழுந்தது.

கம்பெனிப் பேருந்து எங்களை ஏற்றிக்கொள்ளும் இடம் நான் குடியிருக்கும் சின்ன ஊரின் பழைய பிரசவ ஆஸ்பத்திரி வாசல். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், எனக்கு அங்கே இன்னும் தண்ணீர்க் குழாய் இணைப்பு இருக்கிறது. அக்கா தன் கிராமத்திலிருந்து மினி பஸ்ஸில் வந்து அங்கே இறங்கி எங்களோடு ஏறுவார். ஆஸ்பத்திரி வாசலில்தான் அந்தக் கல் நின்றது. முன்பக்கம் சாலையைப் பார்த்து இருக்கும். உள்ளங்கை அகல எழுத்துகளில் மிட்டாதாரின் பெயர், அதற்கு முன்னால் மூச்சு முட்டும் அளவுக்குப் பட்டங்கள், கீழே ‘அவர்களின் தர்மம்’ என்று ஒரு வரி. பின்பக்கம் வேலிப்புதரைப் பார்த்து இருக்கும். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை, போகிற ஆண்களும் நல்ல காரியத்துக்காகப் போவதில்லை.

மிட்டாதார் என்றால் வெள்ளைக்காரன் காலத்தில் பல கிராமங்களை ஒன்றாகச் சேர்த்து வரி வாங்கும் உரிமையை ஏலத்தில் எடுத்த குடும்பத்துக்காரர். மிட்டாவெல்லாம் சட்டத்தில் ஒழிந்த பிறகும் இவருடைய நிலம் ஒழியவில்லை, சாட்டையும் ஒழியவில்லை. பண்ணையில் தலைமுறை தலைமுறையாக ஆட்களைக் கட்டிப்போட்டு வேலை வாங்கினார், ஓடிப்போனவனைப் பிடித்துவந்து புளியமரத்தில் கட்டினார். கடைசிக் காலத்தில் பிரசவ ஆஸ்பத்திரியும் கட்டினார். ஊரில் பாதிப்பேருக்கு அவர் எமன், மீதிப்பேர் அவர் கட்டிய ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள். டீக்கடையில் அவர் பேச்சு வந்தால் டீ ஆறிவிடும்.

தினமும் காலையில் அக்கா மினி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகக் கல்லுக்குப் பின்னால் போவார். அரை நிமிடம்கூட இருக்காது. வந்து எங்கள் பேருந்தில் ஏறிக்கொள்வார். அமாவாசையன்று மட்டும் முந்தானை முடிச்சில் மஞ்சள்பொடி கொண்டுவந்திருப்பார், அன்று திரும்பிவரும்போது விரல் நுனி மஞ்சளாக இருக்கும். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்த நான் என்ன முடிவுக்கு வருவேன்? மிட்டாதாரைக் கும்பிடுகிறார் என்று முடிவுகட்டினேன். அடித்தவனையே தெய்வமாக்கிவிட்டார்களே என்று உள்ளூரக் கொஞ்சம் இளக்காரம்கூட. “ஏக்கா, உங்க ஆளப் பாத்தாச்சா? என்ன சொல்றாரு?” என்று பேருந்தே கேட்கும்படி கேட்பேன். “ஒண்ணும் சொல்லல தம்பி. உன்னாட்டம் வாய் ஓயாம பேசறவரில்ல” என்பார். பேருந்து சிரிக்கும். இது எங்களுக்குள் தினசரி நடக்கிற கூத்தாகவே ஆகிவிட்டது. ஒருநாளாவது இறங்கிப் போய் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தேனா? பத்து எட்டுத் தூரம். பார், திருப்பு, பார் என்று வயிறு வளர்க்கிறவன் நான்.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. தீண்டாமையும் கொத்தடிமையும் வைத்துக் குடிகளை வதைத்தவர்கள் என்று தெரியவருகிறவர்களின் பெயர்கள் பொதுக் கட்டடங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் இருக்கக்கூடாது, ஊர்க்காரர்கள் மனு கொடுக்கலாம், விசாரித்து நீக்கப்படும் என்றது. நல்ல சட்டம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அந்தப் பெயர் அங்கே நின்றிருக்கக் கூடாதுதான். எங்கள் குடியிருப்பு நலச்சங்கத்துக்கு அப்போது நான்தான் செயலாளர், வேறு யாரும் நிற்காததால் ஒருமனதாகத் தேர்வானவன். மனுவை உட்கார்ந்து எழுதினேன். நன்றாக எழுதினேன் என்றுதான் சொல்ல வேண்டும். புளியமரம், சாட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து, படித்தவர் கண்ணில் தண்ணீர் வரும்படி எழுதினேன். அதை நாலு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கேன்டீனில் மேசை மேசையாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன்.

அக்காவிடமும் நீட்டினேன். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

“என்ன தம்பி எழுதியிருக்குது?”

“உங்க மிட்டாதாருக்கு வழியனுப்பு விழாக்கா. ஒரு கைநாட்டு வைங்க.”

அவர் சிரிக்கவில்லை. “பேர மட்டும் எடுப்பாங்களா, கல்லையே எடுத்துடுவாங்களா?” என்று கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே நேராகப் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி அது. அதைக் கேட்ட முகத்தையும் நான் பார்த்தேன். எங்கள் தினசரிக் கூத்துக்கான முகமல்ல அது. ஆனால் சுற்றிலும் நாலு மேசை ஆட்கள் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தட்டை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் என் நாக்கு எனக்குச் சொந்தமில்லை. “பாத்தீங்களாப்பா, அக்காவுக்குப் பிரிய மனசு வரல. கவலப்படாதீங்கக்கா, கல்ல உங்க வீட்டுக்கே அனுப்பச் சொல்றேன், வெச்சுக் குடும்பம் நடத்துங்க” என்றேன்.

கேன்டீன் அதிர்ந்தது. ஒருவருக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. நானும் என் வேடிக்கையை ரசித்துக் குனிந்து சிரித்துவிட்டு நிமிர்ந்தபோது அக்கா அங்கே இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தார். கைநாட்டு வைக்கவில்லை. ஒரு கையெழுத்து குறைந்தால் என்ன என்று அடுத்த மேசைக்குப் போனேன்.

விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர், பொறுமைசாலி. கல்லுக்கு முன்னால் நின்று சட்டத்தில் இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். கல்லை அப்படியே விட்டு, பெயரை மட்டும் உளியால் கொத்தி அழிக்கலாம். இல்லை, மனுக்கொடுத்தவர்கள் விரும்பினால் கல்லையே பெயர்த்து எடுத்துவிடலாம். “ஊர்க்காரங்க என்ன சொல்றீங்க?” என்றார். ஊர் என்று அங்கே நின்றது நானும், செருப்பு தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த இன்னொருவரும்தான். பெயரைக் கொத்தினால் தழும்பு இருக்கும், தழும்பு இருந்தால் பேச்சு இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பெரிய சிந்தனையாளன் அல்லவா? “முழுசா எடுத்துடுங்க சார்” என்றேன். அவர் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டார். பச்சை மை என்றுதான் எனக்கு ஞாபகம். அது உண்மையா, என் மனம் பிறகு பூசிக்கொண்ட நிறமா தெரியவில்லை.

கல்லை எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூட்டம் சாலைப் பக்கம் நின்றது. மிட்டாதார் பெயர் மண்ணிலிருந்து மேலேறுவதை எல்லாரும் முன்னாலிருந்து படம் பிடித்தார்கள். எனக்கு அங்கே வெயில் முதுகில் அடித்தது, முகம் இருட்டாக விழுந்தது. சாயம் பூசிய முடி வீணாகலாமா? சுற்றிக்கொண்டு வேலிப் பக்கம் போனேன். அந்தப் பக்கம் நின்று எடுத்தது நான் ஒருவன்தான். கல்லின் முதுகில் மஞ்சள் பூசிய ஏதோ கிறுக்கல்கள் இருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். கல் உடைத்தவனின் அடையாளமாக இருக்கும் என்று நினைத்து, அதற்கு முன்னால் தலையை வைத்துச் சிரித்தேன். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ‘மிட்டாதார் டிஸ்பேட்ச் ஆகிவிட்டார்’ என்று எழுதிப் போட்டேன். எழுபது பேர் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை அக்கா மினி பஸ்ஸிலிருந்து இறங்கினார். கல் நின்ற இடத்தில் ஈரமண் குழி ஒன்று இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றார். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் வந்து ஏறினார். நான் வாயைத் திறப்பதற்குள் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மதியம் சாப்பாடு முடிகிற சமயம் என் மேசைக்கு வந்தார். “நீ எடுத்த படத்துல பின்னாடி பக்கம் தெரியுதாமே. காட்டு.” காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கித் தரச் சொன்னார். பிறகு ஆந்திராவில் இருக்கும் குப்பம் ஊரிலிருந்து வந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குப்பத்துக்காரரைக் கூப்பிட்டார். அவர் தெலுங்கு படித்தவர். “அண்ணா, இதச் சத்தமா படி.”

குப்பத்துக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “பேருங்கம்மா. நாலு வரி. முனியப்பா... திம்மராயப்பா... மூணாவது...” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “மூணாவது இவரு தலையில மறைஞ்சிருக்குது. காதுப் பக்கத்துல ‘மா’ன்னு ஒரு எழுத்துதான் தெரியுது. நாலாவது கழுத்துக்குப் பக்கத்துல தெரியுது, நஞ்சுண்டா.”

“மறுபடி பாரு.”

“இல்லம்மா. தல மறைக்குது.”

அக்கா அந்தப் படத்தின் மேல், என் தலையின் மேல், விரலை வைத்தார். கண்ணாடித் திரை அந்த விரலுக்குப் பயந்ததுபோல நகர்ந்து போயிற்று. படம் மறைந்து வேறு ஏதோ வந்துவிட்டது. அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

“எங்கப்பன் அது” என்றார். “ஆஸ்பத்திரி செவுரு விழுந்து நாலு பேரு செத்துப்போனாங்க. நாலும் பண்ணையாளுங்க. பேர் வெட்டாம வேல நடக்காதுன்னு மத்த ஆளுங்க கருவியக் கீழ வெச்சிட்டாங்க. எத்தன அடி அடிச்சும் எடுக்கல. கடைசியில பின்னாடி வெட்டிக்கோ, என் கண்ணுல படாம வெட்டிக்கோன்னாரு மிட்டாதாரு. நான் அப்போ எங்கம்மா வயித்துல. அந்த ஆஸ்பத்திரியிலதான் பொறந்தேன்.” ஒரு மூச்சு விட்டார். “பொதைச்ச எடத்துல இப்போ ரோடு போவுது.”

“எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன். என்னைப் போன்ற ஆட்களுக்குக் குற்றத்தை அடுத்தவர் தட்டில் வைப்பதற்கு ஒரு நொடி போதும்.

“சொல்லத்தான் வந்தேன் தம்பி. நீ எல்லாரையும் சிரிக்க வெச்சிட்ட.”

குரல் உயரவில்லை. மூன்று மொழிகளில் ஒன்றிலும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அன்று மாலையே கல்லைத் தேடிப் போனேன். ஜேசிபிக்காரர் லாரிக்காரரைக் காட்டினார். லாரிக்காரர் சாலைக் கான்டிராக்டரைக் காட்டினார். கான்டிராக்டரின் ஆள் ஒரு பாலத்தைக் காட்டினார். பாலம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், மழைத்தண்ணீர் குறுக்கே போக இரண்டு குழாய் போட்ட இடம். கல்லை உடைத்து அதற்கு அடியில் போட்டு மேலே காங்கிரீட்டும் ஊற்றியாகிவிட்டது. “நல்ல கல்லு சார், லேசுல ஒடையல” என்று என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சொன்னார். நான் அந்தக் குழாய்களுக்குள் குனிந்து பார்த்தேன். எதைப் பார்ப்பதற்குக் குனிந்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஒரு நாய் மறுபக்கத்திலிருந்து என்னைப் பார்த்தது.

மனு எழுதத்தான் எனக்குத் தெரியுமே, இன்னொன்று எழுதினேன். அதே அதிகாரி வந்தார். படத்தைப் பார்த்தார். தன்னால் ஆனதைச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி கட்டும்போது உயிர்விட்ட தொழிலாளர்கள் என்று நாலு பேருக்கும் புதுக்கல் வைக்க அனுமதி வாங்கித் தந்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லுக்கா பஞ்சம்? முகம் பார்க்கலாம்போலப் பளபளவென்று கறுப்புக் கல் வந்து இறங்கியது. கல்வெட்டுக்காரர் பெயர்களைக் கேட்டார். முதல் பெயர் இருந்தது, இரண்டாவது இருந்தது, நாலாவது இருந்தது. மூன்றாவதற்கு என் தலைதான் இருந்தது. பழைய பதிவேடுகளைத் தேடினார்கள், பண்ணையாட்களுக்கு ஏது பதிவேடு? அலுவலகத்தில் இருந்த ஒருவர், “மா-வுல ஆரம்பிக்குதுல்ல சார், மாரியப்பான்னு போட்டுடுங்க. யாரு கேக்கப்போறா?” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காலியிடத்தைக் கண்டால் நிரப்பிப் பழகியவர். நான் வேண்டாம் என்றேன். திருப்பிப் பார்க்காமல் வைத்த புள்ளி ஒன்று போதும்.

அதற்குள் அக்கா வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தார். முட்டிவலி என்று சூப்பர்வைசரிடம் சொன்னாராம். கேன்டீனில் களி வந்த முதல் புதன்கிழமை அதைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, விழுங்கினேன். என் மேசை முன்புபோல நிரம்பியதும் இல்லை. நானும் நிரப்ப முயலவில்லை.

போன மாசியில் அக்கா இறந்துபோனார். காரியத்துக்குப் போயிருந்தேன். அவருடைய மகளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. களி மென்ற கதையைச் சொல்லி, அந்த அழுகையிலும் லேசாகச் சிரித்தார். தயங்கித் தயங்கி, தாத்தா பெயர் தெரியுமா என்று கேட்டேன். “அம்மா ஒருநாளும் சொன்னதில்லீங்க” என்றார். “பாட்டி புருஷன் பேர வாயால சொல்லமாட்டாங்களாம். எங்கம்மா கேக்கறப்பல்லாம் அந்தக் கல்லுக்கிட்ட கூட்டிட்டுப் போயி, மூணாவது வரியில விரல வெச்சு, இதுதான் உங்கப்பன்னு காட்டுவாங்களாம். யாரோ படிச்சுச் சொல்லி அம்மாவுக்குப் பேரு தெரியும். ஆனா பெத்தவ சொல்லாதத நான் ஏன் சொல்லணும், தொட்டாப் போதும்னுடுவாங்க. அம்மா கார்டுலயெல்லாம் எங்கப்பா பேருதான். ஊர்ல தெரிஞ்சிருந்தவங்களும் இப்போ இல்லீங்க.” நான் தலையை ஆட்டிக்கொண்டேன். வேறு எதற்கு அது இருக்கிறது.

புதுக்கல் இப்போது ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. முன்பக்கத்திலேயே பெயர்கள், சாலையில் போகிறவர்கள் எல்லாரும் படிக்கலாம். இரண்டாவது பெயருக்கும் நாலாவது பெயருக்கும் நடுவில் ஒரு வரி வெறுமையாக இருக்கிறது. தெரியாதவர்கள் கல்வெட்டுக்காரர் அளவு தப்பிவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தினமும் காலையில் பேருந்துக்கு நிற்கும்போது அந்த வெறும் இடத்தில் என் முகம் தெரிகிறது. பளபளப்புக் கல் அப்படித்தான். இப்போதெல்லாம் நான் தலைக்குச் சாயம் பூசுவதில்லை.

செல்போனில் அந்தப் படத்தைத் திறந்து, பெரிதாக்கி, என் முடியை விலக்க முடியுமா என்பதுபோல விரலால் தள்ளிப் பார்ப்பதும் உண்டு. காதோரம் அந்த ஓர் எழுத்து, அதன்மேல் அக்கா பூசிய மஞ்சள். அதற்கு மேல் நான், முப்பத்தொரு பல்லோடு. அழித்தால் அந்த எழுத்தும் போய்விடும். அதனால் வைத்திருக்கிறேன்.

கல்வெட்டுக்காரர் அவசரப்படுத்திய வாரத்தில் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வாசலில் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். புதுக்கல்லைப் பற்றிச் சொன்னேன், முன்பக்கமே வெட்டுகிறார்கள் என்று சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்பதையும் அதற்குள் எங்கேயோ சொன்னேன். முறம் நிற்கவில்லை. வழக்கமான வேடிக்கை ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில் வெறுமனே கேட்டேன், “ஏக்கா, அப்பா பேரு என்னக்கா?”

உமியை ஒருதடவை ஊதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உன் தலைக்குப் பின்னாடி இருக்குது, பாத்துக்கோ.”